லாரி லைசென்ஸ் தேர்வில் ஒருமுறை தோற்றுவிட்டீர்களா? அடுத்த முறை பதற்றம் இல்லாமல் ஓட்டுவது எப்படி?

மேட்டில் லாரி நிற்கிறது. பக்கத்து இருக்கையில் மோட்டார் வாகன ஆய்வாளர். "எடுங்க" என்கிறார். கிளட்சை ஒரு நொடி முன்னதாக விட்டுவிடுகிறீர்கள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகிறது. கீழே வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு அன்று எதுவுமே சரியாக வரவில்லை. ரிவர்ஸ் கோணல், சிக்னல் மறந்துபோனது, கடைசியில் "அடுத்த தடவை வாங்க."

முந்தின வாரம் அதே மாதிரி ஒரு மேட்டில், அதே லாரியை, பயிற்சிப் பள்ளி மாஸ்டர் பக்கத்தில் இருக்கும்போது அலுங்காமல் எடுத்தவர்தான் நீங்கள். ஓட்டத் தெரியாமல் தோற்பது ஒன்று. ஓட்டத் தெரிந்தும் பதற்றத்தில் தோற்பது இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. மறுதேர்வுக்கு முன் சட்டம் என்ன சொல்கிறது, உடம்பில் என்ன நடக்கிறது, கையில் இருக்கும் நாட்களை என்ன செய்யலாம் என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

கொல்கத்தாவை எடுத்துக்கொள்வது ஏன்?

சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 16 சுமார் 1,700 கி.மீ. நீளமானது. நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர், பாலேஸ்வர் என்று கடலோரமாகவே போகும் இந்தச் சாலை நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்குப் பழக்கமான ஒன்று. அங்கேயே குடும்பத்தோடு தங்கி, டங்குனி கிடங்குகளிலும் கிதர்பூர் துறைமுகப் பகுதியிலும் பிழைப்பு நடத்துபவர்களும் உண்டு. கிளீனராக ஏறி, டிரைவர் ஆவதற்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு இந்த லைசென்ஸ்தான் சம்பள உயர்வு.

ஆனால், லைசென்ஸ் வாங்கிய பிறகு அவர் இறங்கப்போகும் சாலைகள் சாதாரணமானவை அல்ல. 2023 ஆகஸ்ட் 4 காலை, பெஹாலா சௌரஸ்தா அருகே டயமண்ட் ஹார்பர் சாலையில், அப்பாவுடன் பள்ளிக்குப் போன இரண்டாம் வகுப்புச் சிறுவன் லாரி மோதி இறந்தான். ஆத்திரமடைந்த மக்கள் போலீஸ் வாகனத்துக்குத் தீ வைத்தார்கள். அதன் பிறகு காலை நேரத்தில் கனரக சரக்கு வாகனங்களுக்கான கட்டுப்பாடுகளை கொல்கத்தா போலீஸ் இறுக்கியது.

நாடு முழுவதும் 2022-ல் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 462 பேர். ஆய்வாளர் உங்களைத் திருப்பி அனுப்பும்போது கோபம் வரலாம். அவர் மனதில் ஓட வேண்டிய கணக்கு இதுதான் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

தோற்றால் சட்டப்படி என்ன ஆகும்?

பதற்றத்தில் பாதி, "இனிமேல் என்ன ஆகுமோ" என்று தெரியாததால் வருகிறது. விதியைத் தெரிந்துகொண்டால் அந்தப் பாதி குறையும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 9-ன்படி, தேர்வில் தோற்றவர் ஏழு நாட்களுக்குப் பிறகு மீண்டும் வரலாம். மூன்று முறையும் தோற்றால், கடைசித் தேர்விலிருந்து 60 நாட்கள் காத்திருக்க வேண்டும். 2019-ல் வந்த திருத்தம் இதோடு ஒன்றைச் சேர்த்தது: அப்படித் தோற்றவர் ஒரு பயிற்சிப் பள்ளியில் குறைதீர் பயிற்சியும் முடித்துவிட்டு வர வேண்டும்.

இனி கணக்குப் போடுவோம். பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர்., ஆறு மாதம் செல்லும். அதை வாங்கி 30 நாட்கள் கழித்துத்தான் முதல் தேர்வுக்குப் போக முடியும். ஏழு நாள் கழித்து இரண்டாவது, இன்னொரு ஏழு நாள் கழித்து மூன்றாவது, பிறகு 60 நாள் இடைவெளி. மொத்தம் 104 நாட்கள். ஆறு மாதம் என்பது சுமார் 180 நாட்கள். ஆக, மூன்று முறை தோற்றாலும் நான்காவது முயற்சிக்கு எல்.எல்.ஆர். காலத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது. சாரதி இணையதளத்தில் ஸ்லாட் கிடைப்பது தள்ளிப்போனால் இந்தக் கணக்கும் தள்ளிப்போகும். அதனால் தோற்ற அன்றே அடுத்த ஸ்லாட் எப்போது இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

செலவும் அப்படித்தான். மத்திய விதிகளின்படி தேர்வுக் கட்டணம் ஒரு வாகன வகைக்கு 300 ரூபாய். மறுதேர்வுக்கும் அதே தொகை. இதற்கு மேல் மாநில அரசின் சேவைக் கட்டணமும், பயிற்சிப் பள்ளி லாரியைக் கொண்டுவருவதற்கான வாடகையும் சேரலாம். தேர்வை அந்த வகை வண்டியில்தான் கொடுக்க வேண்டும் என்பதால் லாரி ஏற்பாட்டை முன்னாடியே உறுதி செய்துகொள்ளுங்கள். எந்த வண்டி என்பதையும் கேளுங்கள். பழகாத வண்டியில் போய் உட்காருவது பதற்றத்தை நாமே கூப்பிட்டு வைப்பது மாதிரி.

இன்னொன்று. உரிமம் எங்கே எடுத்தாலும் இந்தியா முழுவதும் செல்லும். ஒரு காலத்தில் போக்குவரத்து வாகன லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்பு தேர்ச்சி கட்டாயமாக இருந்தது; 2019-ல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டுவிட்டது. படிப்பு குறைவு என்ற பயம் தேவையில்லை.

ஆய்வாளர் உண்மையில் எதைப் பார்க்கிறார்?

"அவருக்கு என்னைப் பிடிக்கல" என்று நினைப்பது எளிது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 15-வது விதி ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. அதிலிருந்து முக்கியமானவை:

• கிளம்பும் முன் கண்ணாடியைச் சரிசெய்வது, சீட் பெல்ட் போடுவது
• படிப்படியாக டாப் கியர் வரை போவது. தேவைப்படும்போது சட்டென்று கீழ் கியருக்கு வருவது
• செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மீண்டும் எடுப்பது
• திரும்பும் முன், சிக்னல் போடும் முன் கண்ணாடியைப் பார்ப்பது
• ரிவர்ஸில் குறுகலான இடத்துக்குள் கட்டுப்பாட்டோடு நுழைவது
• பாதசாரிகள் கடக்கும் இடத்தில் சரியாக நடந்துகொள்வது
• கவனம் சிதறாமல் ஓட்டுவது, மற்றவர்களுக்கு மரியாதை கொடுப்பது

இந்தப் பட்டியலில் "வேகமாக முடிக்க வேண்டும்" என்று எங்கேயும் இல்லை. "இன்ஜின் ஒரு தடவை ஆஃப் ஆனால் தோல்வி" என்றும் இல்லை. மேட்டில் பின்னால் உருண்டால்தான் பிரச்சனை. வண்டி ஆஃப் ஆகி, நீங்கள் பிரேக்கில் பிடித்து நிறுத்தி, நிதானமாக மறுபடியும் எடுத்தால் அதுவும் கட்டுப்பாடுதான். பலர் தோற்பது ஆஃப் ஆனதால் அல்ல. ஆஃப் ஆன பிறகு அவசரப்பட்டதால்.

கேமராவும் சென்சாரும் வைத்த தானியங்கித் தேர்வுத் தடம் என்றால் கோட்டைத் தொட்டதும் கருவி பதிவுசெய்துவிடும். அங்கே எதற்கு எத்தனை மதிப்பெண் போகும் என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பதற்றத்தில் உடம்பு என்ன செய்கிறது?

ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் அட்ரினலின் ஏறுகிறது. இதயம் படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, கவனம் ஒரே இடத்தில் குவிந்துபோகிறது. ஓடித் தப்பிக்க இது உதவும். 2.6 மீட்டர் அகலமான வண்டியை இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்துப் பின்னால் எடுக்க இது உதவாது. எதிரே இருக்கும் கம்பம் மட்டும் தெரியும். கண்ணாடி இருப்பதே மறந்துவிடும். லாரியின் கனமான கிளட்சை மிதித்திருக்கும் இடது கால் நடுங்க ஆரம்பிக்கும்.

பதற்றமே கூடாது என்றும் சொல்ல முடியாது. 1908-ல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு உளவியலாளர்கள் விவரித்த விஷயம் இன்றும் பேசப்படுகிறது: கொஞ்சம் படபடப்பு வேலையைக் கூர்மையாக்கும், அளவு மீறினால், அதுவும் கடினமான வேலையில், கெடுக்கும். ஆகவே பதற்றத்தைத் துடைத்து எறிய முயல வேண்டாம். அளவுக்குள் வைத்தால் போதும்.

இரண்டாவது சிக்கல், பழகிய வேலையை அளவுக்கு மீறிக் கவனிப்பது. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு காலையும் எங்கே வைக்கிறோம் என்று யோசித்தால் தடுக்கி விழுவோம் இல்லையா? அதேதான். அமெரிக்க உளவியலாளர் சையன் பைலக் போன்றவர்களின் ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன: கைக்கு வந்த திறமையை அழுத்தத்தின் கீழ் அங்குலம் அங்குலமாகக் கண்காணித்தால் அது குலைந்துபோகிறது. "காலை எவ்வளவு தூக்கணும்" என்று யோசிப்பதைவிட, "வண்டி மெதுவா முன்னால நகரணும்" என்று விளைவில் கவனம் வைப்பது நல்லது.

மறுதேர்வில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. போன முறை எங்கே தோற்றோமோ, அந்த இடம் வந்ததும் உடம்புக்கு அது ஞாபகம் வந்துவிடும்.

தோற்ற அன்றே செய்ய வேண்டியது

வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். "சார், எதுல தப்பு? அடுத்த தடவை எதைச் சரி பண்ணிக்கணும்?" என்று பணிவாகக் கேளுங்கள். சொன்னதை மறப்பதற்குள் எழுதி வையுங்கள். பிறகு ஒவ்வொரு தவறையும் மூன்று கூடைகளில் ஒன்றில் போடுங்கள்.

முதல் கூடை, தெரியாதது. உதாரணமாக, சாலைக் குறி ஒன்றுக்கு அர்த்தம் தெரியவில்லை. படித்தால் தீரும்.

இரண்டாவது, கை வராதது. பயிற்சியிலும் பத்தில் நான்கு தடவை ரிவர்ஸ் கோணலாகத்தான் போகிறது. வண்டியில் உட்கார்ந்தால்தான் தீரும்.

மூன்றாவது, பயிற்சியில் சரியாக வந்து தேர்வில் மட்டும் போனது. இதுதான் உண்மையான பதற்றத் தவறு.

இங்கே நேர்மை வேண்டும். கனரக வாகனத்துக்குக் குறைந்தது 30 நாட்கள் பயிற்சி, அதில் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டிய நேரம் குறைந்தது 15 மணி நேரம் இருக்க வேண்டும் என்கிறது விதி. ஒரு லாரியில் ஏழெட்டுப் பேர் ஏறி, ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஓட்டி, சான்றிதழில் மட்டும் 15 மணி நேரம் வந்திருந்தால் உங்கள் பிரச்சனை பதற்றம் அல்ல. பயிற்சி போதவில்லை என்று உடம்பு சொல்கிறது. அது சரியாகவே சொல்கிறது.

ஏழு நாட்களை எப்படிப் பயன்படுத்துவது?

முதல் இரண்டு நாட்கள் கைவராத விஷயங்களுக்கு மட்டும். ரிவர்ஸ் என்றால் ரிவர்ஸ், மேடு என்றால் மேடு. நன்றாக வருவதைத் திரும்பத் திரும்பச் செய்து மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் நாளிலிருந்து தேர்வு மாதிரியே ஒத்திகை. பழகிய மாஸ்டருக்குப் பதில் தெரியாத ஒரு டிரைவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பேசாமல் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். வெளியே நாலு பேரை நிற்க வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரே முயற்சிதான் கணக்கு, முதல் முயற்சி மட்டும். லேசான அழுத்தத்தில் பழகியவர்கள் பெரிய அழுத்தத்தில் குறைவாகத் தடுமாறுகிறார்கள் என்று விளையாட்டு உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன.

முடிந்தால் ஒருநாள் தேர்வு நடக்கும் இடத்துக்குச் சும்மா போய் நின்று பாருங்கள். எத்தனை பேர் தோற்கிறார்கள், தோற்றவர்கள் எப்படிச் சாதாரணமாக டீ குடித்துவிட்டுப் போகிறார்கள் என்று பார்த்தாலே பாதி பாரம் இறங்கும். பிரிட்டனில் கார் ஓட்டுநர் தேர்வெழுதுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தோற்கிறார்கள். தோற்பது உங்கள் ஒருவருக்கு மட்டும் வந்த விதி இல்லை.

கடைசி நாள் வண்டியைத் தொட வேண்டாம். இரவு தூங்குங்கள். கிளீனராக இரவு முழுக்க வண்டியில் வந்துவிட்டு, காலையில் நேராகத் தேர்வுக்குப் போவதுதான் பெரிய தவறு. முதலாளியிடம் ஒரு நாள் லீவு கேட்டுவிடுங்கள். தேர்வில் தோற்றால் அவருக்கும்தான் டிரைவர் கிடைக்க மாட்டார்.

"பான் திகே"யா, "டான் திகே"யா?

கொல்கத்தாவில் தேர்வு கொடுக்கும் தமிழருக்கு இன்னொரு பதற்றம், மொழி. வங்காளத்தில் இடது பக்கம் என்பதற்கு "பான் திகே", வலது பக்கத்துக்கு "டான் திகே". முன்னது மூக்கொலியோடு வரும். இன்ஜின் சத்தத்தில் இரண்டும் ஒரே மாதிரி காதில் விழும். "தாமுன்" என்றால் நிறுத்துங்கள், "ஆஸ்தே" என்றால் மெதுவாக, "பிச்சோனே" என்றால் பின்னால். இந்த ஐந்து சொற்களையும் ஓட்டும்போதே யாராவது கத்திச் சொல்ல, அதற்கு ஏற்றபடி செய்து பழகுங்கள்.

தொடங்கும் முன்னாலேயே, வங்காளம் சரியாக வராது, கையைக் காட்டிச் சொன்னால் உதவியாக இருக்கும் என்று சொல்லிவிடுங்கள். புரியாவிட்டால் மறுபடி கேளுங்கள். புரியாமல் தலையாட்டிவிட்டுத் தப்பான பக்கம் திரும்புவதைவிட, கேட்பது மேல்.

தேர்வு நாள் காலையில்

ஆவணங்களை முந்தின இரவே ஒரு பையில் போட்டு வையுங்கள்: எல்.எல்.ஆர்., ஏற்கெனவே உள்ள லைசென்ஸ், பயிற்சிப் பள்ளியின் படிவம் 5, மருத்துவச் சான்றிதழ், ஸ்லாட் ரசீது. காலையில் எதையாவது தேடுவதே படபடப்பின் தொடக்கம்.

வயிற்றைக் காலியாக வைக்காதீர்கள். தினமும் இரண்டு டீ குடிப்பவர் இரண்டே குடியுங்கள்; அன்றைக்கு நாலாக்க வேண்டாம்.

வரிசையில் நிற்கும்போது மனதில் ஓடுவதை ஒரு தாளில் எழுதுங்கள். "மறுபடியும் தோத்தா வீட்டுல என்ன சொல்றது", "மாமா சிரிப்பாரு" என்று எதுவானாலும். 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வில், தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் கவலைகளை எழுதிய, பதற்றம் அதிகமுள்ள மாணவர்கள் எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அது எழுத்துத் தேர்வுதான். ஆனாலும் தாளும் பேனாவும் தவிர வேறு செலவில்லாத வழி என்பதால் முயன்று பார்க்கலாம்.

கேபினில்: காற்று ஏறும் வரை

லாரியில் காரில் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. ஏர் பிரேக் வண்டி, காற்றழுத்தம் ஏறும் வரை நகரக் கூடாது. கேஜில் முள் ஏறி, எச்சரிக்கைச் சத்தம் நிற்கும் வரை நீங்கள் காத்திருந்தே ஆக வேண்டும். யாரும் அவசரப்படுத்த முடியாத அந்தக் கொஞ்ச நேரம் உங்களுடையது.

அதை இப்படிச் செலவிடலாம். கிளட்சை முழுதாக மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி இருக்கையைச் சரிசெய்யுங்கள். இடது கண்ணாடி, வலது கண்ணாடி, பெல்ட். பிறகு மூக்கு வழியாக மூச்சை இழுத்து, அதன்மேல் இன்னும் கொஞ்சம் இழுத்து, வாய் வழியாக நீளமாக விடுங்கள். ஏர் பிரேக் காற்றை விடுவது மாதிரி, "ஸ்ஸ்ஸ்" என்று. மூன்று நான்கு தடவை. மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணியும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், தினம் ஐந்து நிமிடம் இப்படி மூச்சுவிட்டவர்களின் மனநிலை ஒரு மாதத்தில் மேம்பட்டது. ஏழு நாளும் பழகினால்தான் அன்று கைகொடுக்கும்.

இன்னும் படபடத்தால், "அமைதியா இரு" என்று உங்களையே அதட்ட வேண்டாம். "உடம்பு தயாராகுது" என்று சொல்லிக்கொள்ளுங்கள். பதற்றத்தை உற்சாகம் என்று பெயர் மாற்றிக்கொண்டவர்கள், அமைதியாக முயன்றவர்களைவிட நன்றாகச் செய்ததாக 2014-ல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்று சொல்கிறது.

நடுவில் தப்பு நடந்துவிட்டால்?

வண்டி ஆஃப் ஆனால் ஐந்து படிகள்: பிரேக், கிளட்ச், நியூட்ரல், ஸ்டார்ட், கண்ணாடி. அதன் பிறகுதான் கியர். இந்த வரிசையை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தே பழகலாம். ரிவர்ஸில் கோணல் ஆகிவிட்டால் நிறுத்துங்கள். நிறுத்திய லாரி எதையும் இடிக்காது. முன்னால் எடுத்து நேராக்கிக்கொள்ளலாமா என்று ஆய்வாளரிடம் கேளுங்கள்.

ஒரு தவறுக்குப் பிறகு "போச்சு" என்று முடிவுகட்டுவது உங்கள் வேலை இல்லை. மதிப்பெண் போடுபவர் பக்கத்தில் இருக்கிறார். அந்த வேலையை அவரிடம் விட்டுவிட்டு, அடுத்த திருப்பத்தை மட்டும் பாருங்கள்.

செய்யவே கூடாதவை

"ஒரு கட்டிங் போட்டா கை நடுங்காது" என்று சொல்பவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டால் தேர்வோடு லைசென்ஸே போகலாம். படபடப்பைக் குறைக்கும் மாத்திரைகளையும் டாக்டர் சொல்லாமல் போடக் கூடாது. சிலவற்றில் தலைசுற்றலும் மந்தமும் வரும்.

"தேர்வே வேண்டாம், நான் முடிச்சுத் தர்றேன்" என்று வரும் புரோக்கரும் அதே ரகம். அவர் வாங்கித் தரும் அட்டையை வைத்து மேட்டில் வண்டி எடுக்க முடியாது. லைசென்ஸ் இல்லாமலேயே ஓட்டினாலோ, 5,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை. வண்டியைக் கொடுத்த முதலாளிக்கும் தண்டனை உண்டு.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 2024 நவம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள போக்குவரத்து வாகனங்களையும் ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தது. சின்ன சரக்கு வண்டி ஓட்டிப் பிழைக்க நினைப்பவருக்கு இது ஆறுதல். கனரக லாரிக்கு இது பொருந்தாது.

மூன்றாவது முறையும் போனால்?

60 நாள் இடைவெளியைத் தண்டனையாகப் பார்க்க வேண்டாம். வேறொரு பள்ளி, வேறொரு மாஸ்டர், உண்மையான மணிக்கணக்கு. இதற்கான நேரம் அது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களில் கனரகப் பயிற்சி ஆறு வாரத்தில் 38 மணி நேரம். அதை முடித்து அங்கேயே தேறியவர்களுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தனியாக ஓட்டிக்காட்டும் தேர்வு தேவையில்லை. உங்கள் பகுதியில் அப்படி ஒரு மையம் இருந்தால் அதையும் யோசிக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இந்தத் தடவையாவது பாஸ் பண்ணிடு" என்று வாசலில் சொல்லி அனுப்பாதீர்கள். "முடிச்சுட்டு வா, சாப்பிடலாம்" என்று சொன்னால் போதும்.

தேறிவிட்டால் அந்த உரிமம் ஐந்து ஆண்டுகள் செல்லும். அந்த ஐந்து ஆண்டுகளிலும், மேட்டில் வண்டி ஆஃப் ஆகும் நாள் வரத்தான் செய்யும். அன்று பின்னால் ஆய்வாளரின் வரிசைக்குப் பதிலாக ஒரு ஸ்கூட்டரோ, பள்ளி விட்டுப் போகும் குழந்தைகளோ நிற்கலாம். பிரேக், கிளட்ச், நியூட்ரல், ஸ்டார்ட், கண்ணாடி. இப்போது பழகுவது அந்த நாளுக்கும் சேர்த்துத்தான்.